அப்பா கேட்ட கடைசிப் பந்து

மாட்டுத்தோலில் நல்லெண்ணெய் ஊறும்போது ஒரு வாசனை வரும். எள்ளின் லேசான கசப்பும் புதுச் செருப்பின் நெடியும் கலந்த அந்த வாசனையைத் திருச்சியிலோ சென்னையிலோ யாரும் முகர்ந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கனடாவில், மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நாங்கள் குடியிருந்த வீட்டில், கோடை முழுவதும் அதுதான் வீட்டு வாசனை. என் அண்ணன் சேகரின் பேஸ்பால் கையுறை இறுகிப்போகாமல் இருக்க வேண்டுமென்று, ஊரிலிருந்து யாராவது வரும்போது கெஞ்சிக் கேட்டு வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெயை அப்பா உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பார். "தலைக்குத் தேய்க்கக்கூட நான் அளந்து அளந்து எடுக்கறேன், நீங்க மாட்டுத்தோலுக்கு அபிஷேகம் பண்ணுங்கோ" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள். அப்பாவும் அண்ணாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

அப்பா அங்கிருந்த வேளாண் கல்லூரி வளாகத்தில் மண்ணியல் பேராசிரியர். அறுபதுகளின் நடுவில் நாங்கள் அங்கே போனபோது எங்களைத் தவிர அந்த ஊரில் தமிழ் பேசும் வீடு ஒன்றுகூட இல்லை. நகரத்துக்குள் சில டாக்டர்களும் எஞ்சினியர்களும் இருந்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம், அவ்வளவுதான். அண்ணா என்னைவிட மூன்று வயது மூத்தவன்; நான் ஒரே தங்கை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் பிரெஞ்சு என்று ஆனபிறகு அவன் தமிழை, கோடை வந்ததும் கழற்றி மாட்டிவிடும் குளிர்காலக் கோட்டுபோல, ஒதுக்கி வைத்துவிட்டான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அப்பாவுக்கு அது பெரிய குறை. மகனோடு பேச அவருக்கு விஷயமே இல்லாமல் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், அறுபதுகளின் முடிவில், மொன்றியலுக்கென்று பெரிய பேஸ்பால் அணி ஒன்று வந்தது.

கிரிக்கெட்டில் பைத்தியமாக இருந்த அப்பா, பேஸ்பாலை முதலில் "கில்லிக்குத் தம்பி" என்று கேலி செய்தார். ஒரு மாதத்தில் அந்தக் கேலி நின்றுவிட்டது. சமையலறை மேசைமேல் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்து உட்கார்ந்தது. சாப்பாட்டு நேரம் ஆட்டத்தைப் பொறுத்து மாறியது. புதிய அணி, எனவே தோற்பதற்கென்றே பிறந்த அணி. அதிலும் ஒரேயடியாகத் தோற்றால் பரவாயில்லை. ஆட்டத்தின் முக்கால்வாசி நேரம் முன்னிலையில் இருந்துவிட்டுக் கடைசியில் தோற்கும். இந்த ஆட்டத்தில் நடுவிலிருக்கும் சிறு மண்மேட்டில் நின்று பந்தை எறிகிறவன்தான் பிட்சர். அவன் களைத்துப்போனால் மாற்று ஆட்கள் வருவார்கள். அவர்கள் காத்திருந்து கையைச் சூடேற்றிக்கொள்ளும் வேலி போட்ட இடத்துக்கு ஆங்கிலத்தில் "புல்பென்" என்று பெயர்; அதாவது காளைகளை அடைக்கும் இடம். அப்பா அதைத் "தொழுவம்" என்றார். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கும் அதிலிருக்கும் ஆட்களுக்கும் அன்றிலிருந்து அதுவே பெயர்.

"மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்ல ஏழாவது வரைக்கும் நாமதான் ராஜா. அப்புறம் தொழுவத்தைத் திறந்துவிட்டுடறான். அவ்வளவுதான், முடிஞ்சது கதை" என்று அப்பா ரேடியோவைப் பார்த்துச் சொல்வார்.

அவருக்கு இதில் திடமான கருத்துகள் இருந்தன. நிலைமை மோசமாக இருக்கும்போது இருப்பதிலேயே நல்ல ஆளை அனுப்ப வேண்டும், அவனைக் கடைசி வரைக்கும் பத்திரமாக மூடி வைத்திருந்தால் அதற்குள் ஆட்டமே போய்விடும் என்பார். வேகப்பந்தையே தொட முடியாமல் தாமதமாக மட்டையைச் சுழற்றுகிறவனுக்கு மெதுவான பந்தைப் போடுவது, பஸ்ஸைத் தவறவிட்டவனுக்காக டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதுபோல என்பார். எல்லாவற்றையும்விட அவருக்குக் கோபம் வந்தது, அணியின் மேலாளர் ஒரே ஆளைத் தினமும் எழுப்பித் தினமும் எறிய வைத்தபோதுதான். "அவன் கை என்ன இரும்பா? நேத்திக்குப் போட்டான், முந்தாநேத்திக்குப் போட்டான். ஒரே வயல்ல வருஷம் முழுக்க நெல்லே போட்டா மண்ணு செத்துப்போகும். இந்த ஆளுக்கு அதுகூடத் தெரியலையே." மண்ணியல் பேராசிரியர் சொன்ன இந்த வார்த்தை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அண்ணா இந்தப் பேச்சுக்காகவே ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தான். பந்துகளுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் அப்பாவுக்கு வாயில் நுழைந்தாலும் ருசிக்கவில்லை. ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் புதுப் பெயர் வைத்தார். நேராக, கனமாக, வேகமாக வருவது "சாம்பார்". கண்ணுக்கு நேரே வந்து கடைசி நொடியில் வளைந்து கீழே ஓடிவிடுவது "ரசம்". வேகமாக வருவதுபோலப் பாவனை காட்டி மெதுவாக வந்து சேர்வது "மோர்". "நம்ம ஆளு சாப்பாட்டு வரிசை மாறாம பரிமாறறான்டா. முதல்ல சாம்பார், அப்புறம் ரசம், கடைசியில மோர். எதிராளி இலையில கை வெச்சுண்டு தயாரா உட்கார்ந்திருக்கான். திடீர்னு முதல்லயே மோரை ஊத்தினாத்தானே அவன் முழிப்பான்" என்றார். அண்ணா அன்று சாப்பிட முடியாமல் சிரித்தான். வெகுநாள் கழித்து அவன் வாய்விட்டுத் தமிழில் பேசினது அன்றுதான். "அப்பா, இப்ப என்ன போடுவான்? ரசமா, மோரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வருடத்துக்குச் சில முறை அப்பா எங்களை ரயிலேற்றி நகரத்துக்கு அழைத்துப் போவார். அப்போது அணியின் மைதானம் நகரின் வடபகுதியில் ஒரு பூங்காவுக்குள் இருந்தது. சின்ன மைதானம். வலதுபக்க வேலிக்கு வெளியே பொது நீச்சல் குளம். பலமாக அடித்த பந்து சில சமயம் தண்ணீரில் விழுந்து குளிப்பவர்களைத் திடுக்கிடச் செய்யும். ஏப்ரலில் போனால் ஓரங்களில் பனி கிடக்கும். அம்மா புடவைக்குமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, தயிர்சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் ஆட்டத்தைவிட அவர்கள் மூவரையும்தான் அதிகம் பார்த்தேன். எங்கள் குடும்பம் முழுதாக ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்த நேரங்கள் அவை.

அண்ணாவுக்குப் பதின்மூன்று வயதானபோது ஊர்ப் பையன்களின் அணியில் சேர்ந்தான். கால்வாய்க்குப் பக்கத்தில், நதிக்காற்று எந்நேரமும் வீசுகிற ஒரு திடலில் அவர்கள் ஆடுவார்கள். பயிற்சியாளர் லூசியன் என்ற மரவாடிக்காரர். பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். அண்ணா ஒல்லியாக, நீண்ட கைகளோடு இருந்தான். அவன் எறிந்த பந்தில் ஒரு தனி நெளிவு இருந்ததை லூசியன்தான் முதலில் கவனித்தார். மற்றப் பையன்கள் ஆரம்பத்தில் எறிந்து களைத்த பிறகு, இவனைத்தான் கடைசியில் அனுப்புவார். ஊர் அணிக்கென்று ஒரு தொழுவம் இருந்தால் அதில் இருந்த ஒரே காளை என் அண்ணன்தான்.

பேஸ்பாலில் அடுத்த பந்து என்ன என்பதை மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் பையன் விரலால் ஜாடை காட்டுவான். எதிரணி அந்த ஜாடையைத் திருடிவிடாமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை. எங்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. அப்பா மரப்படிக்கட்டில் எழுந்து நின்று, "சாம்பார்!" என்று கத்துவார். அண்ணா எறிவான். "இப்ப மோர், மோர்!" என்பார். மட்டைக்காரன் காற்றை வெட்டிவிட்டுத் திகைத்து நிற்பான். அந்தத் திடலில் எங்கள் நால்வரைத் தவிர யாருக்கும் புரியாத மொழி. மற்றப் பெற்றோர்கள் அதை ஏதோ இந்திய உற்சாக முழக்கம் என்று எண்ணிக்கொண்டு, அவர்களும் "சம்பா! சம்பா!" என்று சேர்ந்து கத்துவார்கள். அம்மாகூட வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு கோடை அப்படிப் போயிற்று. அப்பாவின் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் இருந்திருக்காது. கல்லூரியில் அவர் பக்கத்து அறைக்காரர்களிடம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதைவிட மகனின் பந்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார் என்று அம்மா சொல்வாள். அண்ணாவுக்கும் அப்படித்தான். மாலையில் அப்பாவின் கார் வரும் சத்தம் கேட்டால் கையுறையோடு வாசலுக்கு ஓடுவான். இருட்டும்வரை பின்பக்கத் தோட்டத்தில் அவர்கள் பந்தெறிந்து பழகுவார்கள். பழகியதெல்லாம் பெரும்பாலும் ரசம்தான். மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும், முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று அப்பா நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து படித்துச் சொல்வார். அவன் எறியும் வளைவுப்பந்தை அந்த வட்டாரத்தில் ஒரு பையனாலும் தொட முடியவில்லை.

மூன்றாவது கோடையில் அணிக்கு யோகம் அடித்தது. மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் வழக்கமாகத் தொடக்கத்தில் எறியும் பையன் கிழக்கே வெகுதூரத்தில், காஸ்பேயில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டான். இன்னொருவனுக்குக் கால் சுளுக்கு. நடுவில் பிடித்துக்கொண்ட மழையால் தள்ளிப்போன ஆட்டங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுத்தடுத்த நாட்களில் வந்து நின்றன. லூசியன் கையை விரித்தார். "சேகர்தான். வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார். அப்பாவுக்கு அது பெருமையாக இருந்தது.

அம்மாதான் முதலில் பார்த்தாள். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அண்ணா இடதுகையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இடதுகையால சாப்பிடறே? இதென்ன புதுப் பழக்கம்?"

"ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தாம்மா."

"இப்ப ஏது ஸ்கூல்? லீவுதானே? கையைக் காட்டு."

அவன் காட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். சாயங்காலம் அவன் படுத்திருந்தபோது அம்மா எண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துக்கொண்டு போய் முழங்கையில் தடவினாள். நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உட்பக்கம் லேசாக வீங்கி இருந்தது. அம்மா விரல் வைத்த இடத்தில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கீழே வந்து அம்மா அப்பாவிடம் சொன்னாள். "குழந்தைக்குக் கை வலிக்கறது. நாளைக்கு வேண்டாம்."

அப்பா ரேடியோவைத் தணித்துவிட்டு, "சதைவலிதான், எறியறவாளுக்கெல்லாம் வரும்" என்றார். "நாளைக்கு ஒரு ஆட்டம். ஜெயிச்சா கோப்பை. அப்புறம் குளிர்காலம் முழுக்க ரெஸ்ட்தானே."

"கை என்ன இரும்பான்னு நீங்கதானே தினம் அந்த ரேடியோகிட்ட சண்டை போடறேள்?"

அப்பா எழுந்தார். மாடிப்படிக்குக் கீழே நின்று, "சேகர், நாளைக்குப் போட முடியுமாடா?" என்று கேட்டார். மேலிருந்து, "முடியும்பா" என்று குரல் வந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

மறுநாள் நல்ல வெயில். திடலில் எப்போதுமில்லாத கூட்டம். எறிந்து பழக்கமில்லாத ஒரு பையன் தொடங்கித் தடுமாறியதால், அண்ணா ஆட்டத்தின் பாதியிலேயே மேட்டுக்கு வந்துவிட்டான். எங்கள் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. ஒவ்வொரு முறை எறிந்த பிறகும் அவன் வலதுகையைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டான். அப்பா உட்காரவே இல்லை. அவர் அழைத்த வரிசை அன்று பிரமாதமாக இருந்தது. எதிரணிப் பையன்கள் அடுத்தது என்ன வருமென்று தெரியாமல் தடுமாறினார்கள். ஆனால் ஆட்டம் முடிவை நெருங்க நெருங்க அண்ணாவின் சாம்பாரில் வேகம் குறைந்தது. அதை அடிக்கத் தொடங்கினார்கள். ஓட்டம் எடுக்கிறவர்கள் வழியில் தொட்டு நிற்க வேண்டிய மூன்று பேஸ்களிலும் எதிரணி ஆட்கள் நின்றார்கள். இன்னும் ஒரே ஒருவனை வீழ்த்தினால் போதும். மட்டையோடு வந்தவன் அவர்களிலேயே பெரிய பையன்.

இரண்டு பந்துகளை அவன் தவறவிட்டான்; மூன்றாவதையும் தவறவிட்டால் அவுட். கடைசிப் பந்துக்கு, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்த பையன் ஒரு விரலைக் காட்டினான், வேகப்பந்து. அண்ணா தலையாட்டாமல் எங்கள் பக்கம் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. நான் அப்பாவுக்கு இடதுபக்கம், அவர் சட்டைமுனை என் தோளில் படும் தூரத்தில் நின்றிருந்தேன்.

"ரசம்!" என்று கத்தினார் அப்பா. "ரசம் விடுடா, சேகர்!"

அவன் எறிந்தான். பந்து அந்தப் பையனின் மார்புக்கு நேரே போய், சட்டென்று வளைந்து கீழே இறங்கியது. அவன் சுழற்றிய மட்டை அவனையே ஒரு சுற்றுச் சுற்றி உட்காரவைத்தது. திடல் முழுக்க ஒரே கூச்சல். அண்ணா மேட்டில் முழங்காலிட்டு விழுந்து, வலது முழங்கையை இடதுகையால் அணைத்துக்கொண்டு குனிந்தான். அவன் மகிழ்ச்சியில் அழுகிறான் என்று நினைத்து அணிப் பையன்களெல்லாம் ஓடிப்போய் அவன்மேல் விழுந்து புரண்டார்கள். லூசியன் தொப்பியைத் தூக்கி வீசினார். அப்பா கைதட்டிக்கொண்டே இருந்தார். நான் அம்மா பக்கம் திரும்பினேன். அவள் அங்கே இல்லை. புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பையன்களை ஒவ்வொருவராகப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, "விடுங்கடா, குழந்தையை விடுங்கடா" என்று தமிழில் கதறிக்கொண்டிருந்தாள்.

நகரத்து மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். முழங்கையின் உட்பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த எலும்பின் ஒரு துண்டு, தசை இழுத்த இழுப்பில் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. பல நாளாகவே அது நொந்துபோய் இருந்திருக்க வேண்டும், அன்று முழுதாகக் கழன்றுவிட்டது என்றார். பிறகு கோபமாக இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்: "இந்த வயதில் இவனை இவ்வளவு வளைவுப்பந்து போடச் சொன்னது யார்? பயிற்சியாளரா?"

அப்பா, "நான்" என்றார்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்தபோது கை முழுதாக நீளவில்லை. எவ்வளவோ பயிற்சி கொடுத்தும் கடைசிவரை நீளவில்லை. எழுதலாம், சாப்பிடலாம், கார் ஓட்டலாம், எறிய முடியாது. அண்ணா யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கோப்பையை லூசியன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஈரக்கண்ணோடு நெடுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பையை அம்மா எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா யோசிக்காமல், வழக்கம்போல, "ரசம் விடட்டுமா?" என்று அண்ணாவைக் கேட்டாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா கேட்காமலே ஊற்றினாள். அப்பா அடுத்த வசந்தத்தில் ரேடியோவைச் சமையலறையிலிருந்து எடுத்துவிட்டார். ஆட்டம் பார்க்கப் போவதில்லை. யாராவது பேஸ்பாலைப் பற்றிப் பேச்செடுத்தால் மண்ணைப் பற்றிப் பேசுவார். அணி சில ஆண்டுகளில் பூங்காவை விட்டு நகரின் கிழக்கே பிரம்மாண்டமான புது மைதானத்துக்குப் போனபோது, எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

அப்பாவும் அண்ணாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று நான் நினைத்ததுண்டு. அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு பேச்சு. அது போனதும் வேறு எதுவும் மிஞ்சவில்லை. அண்ணாவின் தமிழும் அதோடு போயிற்று. அப்பா அவனிடம் எதுவும் சொல்லப் பயந்தார். எந்தப் பாடம் படிக்கலாம், எந்த ஊரில் படிக்கலாம் என்று அவன் கேட்டபோதெல்லாம், "உன் இஷ்டம்டா" என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. அதை அண்ணா அக்கறையில்லாமை என்று எடுத்துக்கொண்டான். எழுபதுகளின் கடைசியில் நிலவியல் படித்துவிட்டு, மேற்கே கால்கரிக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். அப்பா எடுத்தால், "சௌக்கியமா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." பதினைந்து வருடத்துக்கும் மேல் இதுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

அப்பா கடைசியாக இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணா வந்தான். நானும் அம்மாவும் அறையில் இருந்தோம். அவன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு துருப்பிடித்த தமிழில், வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னான்.

"அப்பா, அந்தக் கடைசிப் பந்து. நீங்க சாம்பார்னுதான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. நானாத்தான் ரசம் போட்டேன்."

அது பொய். அப்பாவின் பக்கத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டவள் நான். கால்கரியிலிருந்து விமானத்தில் வந்த நேரம் முழுக்க அவன் இதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும்.

அப்பா அவனையே பார்த்தார். "நான் என்ன கத்தினேன்னு எனக்குத் தெரியாதாடா?" என்றார். "தினம் காதுல கேக்கறதே."

அண்ணா தலைகுனிந்தான். அப்பா மெல்லக் கையை நீட்டி, அவன் வலது முழங்கையைத் தொட்டார். சட்டைக்குமேலேயே அந்த மடங்கிய மூட்டை விரல்களால் தடவிப் பார்த்தார். அது நடந்து அத்தனை வருடத்தில் அவர் அந்தக் கையைத் தொட்டதே இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப நம்ம தொழுவம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

"நன்னா இருக்குப்பா" என்றான் அண்ணா. "இந்த வருஷம் ரொம்ப நன்னா இருக்கு." யார் யார் எறிகிறார்கள், யார் எதை எப்போது போடுகிறார்கள் என்று அவன் தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொண்டே போனான். கால்கரியில் இருந்துகொண்டு ஒரு ஆட்டத்தையும் விடாமல் அவன் கவனித்து வந்திருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா நடுநடுவே, "அது தப்பு", "அந்த இடத்துல மெதுவாப் போடக்கூடாது" என்று முணுமுணுத்தார். அம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அதன் பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை. அணியும் இல்லை, அது இந்த நகரத்தில் கூட்டம் சேராமல், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு நாட்டு ஊருக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது. கால்வாய் ஓரத் திடல் இருந்த இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பூங்காவுக்குள் இருந்த சின்ன மைதானத்தை டென்னிஸ் அரங்கமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள். நான் நதிக்கு அக்கரையில், புரோசார்டில் இருக்கிறேன். அண்ணா வருடத்துக்கொரு முறை கோடையில் வந்து சில நாள் தங்கிவிட்டுப் போவான். போன கோடையில், பழைய மைதானம் இருந்த அந்தப் பூங்காவை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று அவனே கேட்டான். காரை நிறுத்திவிட்டுப் பூங்காவுக்குள் நடந்தோம்.

புல்வெளியில் ஒரு பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பனும் மகனும் மட்டும் தனியாக. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். ஓடிவந்து பந்தெறிந்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் தோளைப் பிடித்து உருட்டிக்கொண்டான். அண்ணா நின்றுவிட்டான். முன்பின் தெரியாதவர்களிடம் தானாகப் பேச்சுக் கொடுக்கும் வழக்கமே இல்லாதவன் அவன். நேராக அந்த மனிதரிடம் போனான்.

"பையனுக்குக் கை வலிக்குதுபோல இருக்கு. இன்னிக்குப் போதும்னு நிறுத்திடுங்களேன்."

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "நான் அப்பவே சொல்லிப்போட்டன் அண்ணை, காணும், வீட்டை போவம் எண்டு. இவன்தான் விடமாட்டன் எண்டு நிக்கிறான். என்ன செய்யிறது? அவனுக்கு அவ்வளவு ஆசை."

அண்ணா அந்தப் பையனைப் பார்த்தான். அவன் எங்களைக் கவனிக்காமல், பந்தைத் துடையில் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓடத் தயாராக நின்றிருந்தான்.

"ஆமாம்" என்றான் அண்ணா. "நானும் அப்படித்தான் இருந்தேன். யார் சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்."

காரை நோக்கித் திரும்பி நடந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவன் அப்பாவிடம் அந்தப் பொய்க்குப் பதிலாக இதைச் சொல்லியிருக்கலாம். இதை அவர் நம்பியிருப்பார்.